கரும்பொருளைப் பிடித்த மாப்பிள்ளை

நம்குங் ஜின் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். ஆனால் தாரேகோல் ஊரில் யாரைக் கேட்டாலும் அவரை ஃபிரிட்ஜ் மெக்கானிக் என்றுதான் சொல்வார்கள். அதோடு விட்டாலும் பரவாயில்லை. "உங்க வீட்டு ஃபிரிட்ஜை மட்டும் அவர் கையில குடுத்துடாதீங்க" என்று ஓர் எச்சரிக்கையும் கூடவே வரும்.

இரண்டுக்கும் காரணம் அவருடைய மாமியார் யோம் புன்னம்.

தென்கொரியாவின் இஞ்சியோன் துறைமுகத்துப் பக்கம் பிறந்து வளர்ந்த நம்குங்குக்குக் கங்வொன் மலைக்குள் வந்து குடியேறும் உத்தேசம் எதுவும் இருந்ததில்லை. தாரேகோலின் இரும்புச் சுரங்கம் மூடப்பட்டதும் அதன் அடிவயிற்றில் ஓர் ஆய்வுக்கூடம் கட்டினார்கள். வானத்திலிருந்து ஓயாமல் பொழியும் கதிர்களை ஒரு முழு மலை குடை பிடித்துத் தடுத்துவிடும் என்பது கணக்கு. அங்கே வேலை கிடைத்து வந்த நம்குங், சுரங்க வாசலுக்கு எதிரிலேயே இருந்த கீரைச்சோற்றுக் கடையில் மூன்று வேளையும் உட்கார ஆரம்பித்தார். கடைக்காரி புன்னம். கணவர் காலமான பின் தனியாளாகக் கடையை நடத்தி இரண்டு பெண்களை வளர்த்தவள். சின்னவள் மிரான் விவசாயக் கூட்டுறவு வங்கியில் கவுண்டரில் இருந்தாள். நம்குங் தொடுகறிக்காகத் தட்டை நீட்டிய நேரத்தைவிட மிரான் வரும் வழியைப் பார்த்த நேரம் அதிகம் என்பதைக் கடைக்காரி முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டாள்.

பெண் கேட்டு வந்த அன்று புன்னம் நேராக விஷயத்துக்கு வந்தாள். "தம்பிக்கு என்ன வேலை?"

"பொருளையெல்லாம் குளிர வைக்கிறதுங்க."

"எவ்வளவு குளிர?"

"அதுக்கு மேல குளிரவே முடியாதுங்கற அளவுக்கு. அண்டத்திலேயே எங்க பெட்டி அளவுக்குக் குளிர்ச்சியான இடம் கிடைக்கிறது கஷ்டம்."

"அடேயப்பா" என்றாள் புன்னம். மறுநாளே ஊர் முழுக்க, தன் மாப்பிள்ளை ஃபிரிட்ஜ் டாக்டர், அவனை அடிக்க நாட்டிலேயே ஆள் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

கல்யாணம் ஆன முதல் குளிர்காலத்திலேயே வினை வந்தது. ஊர்த் தலைவர் பியோ தொக்மான் வீட்டுக் கிம்ச்சி ஃபிரிட்ஜ் நின்றுபோயிற்று. வருஷத்துக்குப் போட்ட முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சி முழுக்க அதற்குள் இருந்தது. ஃபிரிட்ஜ் டாக்டருக்கு ஆள் வந்தது. "எனக்கு அது தெரியாது" என்று நம்குங் சொல்லியிருக்கலாம். ஆனால் மாமியார் பக்கத்திலேயே, முகமெல்லாம் பெருமையாக நின்றிருந்தாள். போனார். பின்பக்கத்தைக் கழற்றினார். எதையோ முடுக்கினார். திரும்ப மூடும்போது மூன்று திருகாணிகள் மிச்சம் வந்தன. ஃபிரிட்ஜ் ஓடத்தான் செய்தது. ஓடிய வேகத்தில் காலைக்குள் அத்தனை கிம்ச்சியும் கருங்கல்லாக இறுகி, தொக்மானின் மனைவி சுத்தியல் எடுத்து உடைக்க வேண்டியதாயிற்று.

"குளிர வச்சுட்டார்ல? அவர் வேலை அதுதானே" என்று மட்டும் சொன்னாள் புன்னம். ஆனால் அன்றிலிருந்து அவள் யாருக்கும் மாப்பிள்ளையைச் சிபாரிசு செய்யவில்லை.

நம்குங்கின் உண்மையான வேலை இது. நாம் பார்க்கிற மலை, கடல், நட்சத்திரம் எல்லாவற்றையும் கூட்டினாலும் அதைப்போல ஐந்து மடங்கு எடையுள்ள ஏதோ ஒன்று அண்டம் முழுக்க நிறைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, கைக்குச் சிக்காது. கரும்பொருள் என்று பெயர் மட்டும் வைத்திருக்கிறார்கள். அதில் கனமான ரகத்தைத் தேடி உலகமே சலித்துப்போயிருந்தது. தாரேகோல் கூட்டம் தேடியது இலேசான ரகத்தை. அது வந்து இடித்தாலும் கொசு லாரிமேல் மோதின கதைதான். அதையும் உணரக்கூடிய லாரி வேண்டும். அதற்காகக் கட்டைவிரல் நகமளவு நீலக்கல் படிகம் ஒன்று, அதன்மேல் டங்ஸ்டன் உலோகத்தில் ஒரு மெல்லிய படலம். படலத்தைக் கடுங்குளிரில் வைத்தால் மின்சாரம் தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடும். மீக்கடத்தி என்பார்கள். அந்த நிலைக்கும் சாதாரண நிலைக்கும் நடுவில், விளிம்பிலேயே அதை நிறுத்திவைப்பதுதான் வித்தை. படிகத்தில் எங்காவது ஒரு துளி சூடு தட்டினால் படலம் தடுமாறும். திரையில் ஒரு துடிப்பு தெரியும்.

இதை ஒருமுறை ஊர்த் தலைவருக்கு விளக்க வேண்டி வந்தது. "கோபம் வர்ற விளிம்பிலேயே ஒரு ஆளை நிறுத்தி வச்ச மாதிரி தலைவரே. லேசாத் தொட்டாலும் சீறும். சீறினா யாரோ தொட்டாங்கன்னு நமக்குத் தெரிஞ்சிடும்."

தொக்மான் யோசித்தார். "உங்க மாமியாரை உள்ள உக்கார வச்சா போதுமே. எதுக்கு இவ்வளவு செலவு?"

தேடினார்கள், தேடினார்கள். வருஷங்கள் போயின. நம்குங்குக்குத் தொந்தி விழுந்தது, மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். படிகம் மட்டும் வாயே திறக்கவில்லை. ஒவ்வொரு பண்டிகைக்கும் புன்னம் கேட்பாள். "மாப்ள, இந்த வருஷமாவது ஏதாவது கெடச்சுதா?"

"கெடைக்கலைங்கறதும் ஒரு முடிவுதான் அத்தை. எங்கெல்லாம் இல்லைன்னு இப்ப இன்னும் துல்லியமாத் தெரியும்."

"அப்பிடியா? வருஷம் பூரா தூண்டில் போட்டுட்டு, எந்தெந்த மீன் மாட்டலைன்னு சொல்லிக்கிட்டு வீட்டுக்கு வர்ற ஆளை இப்பத்தான் பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சோறு வைப்பாள்.

இந்த நிலையில்தான் ஒரு கோடையின் கடைசியில் புதுப் படிகம் ஒன்றைப் பொருத்தினார்கள். முன்னைவிடப் பல மடங்கு கூர்மையான படலம். நம்குங்தான் தன் கையால் அதைச் செப்புத் தாங்கியில் நான்கு மூலையிலும் பசை வைத்து, ஆட்டினாலும் அசையாதபடி ஒட்டினார். பெட்டியை மூடிக் குளிரவைத்தார்கள். குளிர்ந்து முடிந்த அன்றே துடிப்புகள் வர ஆரம்பித்தன. ஒன்றிரண்டு இல்லை, பொலபொலவென்று. இலேசான கரும்பொருள் தட்டினால் எந்த அளவு சூடு வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்களோ, அதே அளவு.

திரைக்கு முன்னால் இருந்தவள் இம் சோல். கூட்டத்திலேயே வயதில் இளையவள், கணக்கில் புலி, வாய் கொஞ்சம் நீளம். "சார், எனக்குக் கண்ணு சரியில்லையா, இல்ல நமக்கு அதிர்ஷ்டம் அடிச்சிருச்சா?"

நம்குங் பார்த்தார். மின்கம்பி இரைச்சலா என்று பார்த்தார்கள், பம்பு அதிர்வா என்று பார்த்தார்கள், பாறையில் இயற்கையாக உள்ள கதிர்வீச்சா என்று பார்த்தார்கள். எதிலும் சேரவில்லை.

ஆய்வுக்கூடத் தலைவி பேராசிரியர் கூ எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்த அம்மாள். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "வெளியில மூச்சு விடக் கூடாது. வீட்டுக்காரர், வீட்டுக்காரி யார்கிட்டயும். முக்கியமா அம்மாக்கள்கிட்ட." இம் சோல் தரையைப் பார்த்தாள்.

யாரும் எதுவும் பேசவில்லைதான். ஆனால் சுரங்க லிஃப்டில் இருக்கிற சின்னக் கண்ணாடியில் ஆட்கள் முகம் பார்த்துக்கொள்ளும் நேரம் கூடிப்போயிற்று. பேராசிரியர் கூ முடிக்குச் சாயம் போட்டுக்கொண்டு வந்தார். நம்குங் ராத்திரிகளில் படுக்கையில் மல்லாந்து கிடந்து, ஐரோப்பாவில் பரிசு வாங்கப் போகும்போது தன் கல்யாணக் கோட்டு இன்னும் பொருந்துமா என்று வயிற்றை உள்ளிழுத்துப் பார்த்தார்.

அறுவடைப் பண்டிகை வந்தது. புன்னம் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். மூத்த மாப்பிள்ளை மோ யோங்தே சுன்சியோன் நகரத்தில் அடுக்குமாடி வீடுகள் விற்கும் தரகர். நம்குங்குக்குச் சகலை. சகலைகளுக்குள் வழக்கமாக இருக்கும் அன்பு இவர்களுக்குள்ளும் இருந்தது. அந்த வருஷம் யோங்தே மாமியாருக்கு ஒரு மசாஜ் நாற்காலி கொண்டுவந்து இறக்கினார். கூடத்தில் பாதியை அது அடைத்துக்கொண்டது. நம்குங் கொண்டுவந்திருந்த பேரிக்காய்ப் பெட்டியை வைக்க இடமில்லாமல் செருப்பு விடும் இடத்தில் வைத்தார்கள்.

புன்னம் ராணி மாதிரி நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். யோங்தே பொத்தானை அழுத்தினார். நாற்காலி உறும, புன்னம் தலை முதல் கால் வரை குலுங்கினாள்.

"எப்பிடி இருக்கு அத்தை?"

"சொ-சொ-சொர்க்கமா இருக்கு மா-மாப்ள." அப்படியே குலுங்கிக்கொண்டு சின்ன மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். "உ-உங்களுக்கு இந்த வருஷமாவது ஏ-ஏ-ஏதாவது கெ-கெடச்சுதா?"

யோங்தே சோஜு சாராயத்தை ஊற்றியபடி சிரித்தார். "விடுங்க அத்தை. தம்பி பாவம், இல்லாததைத் தேடறாரு. நான் இருக்கிற வீட்டை விக்கிறதுக்கே நாக்குத் தள்ளுது."

நம்குங் சோஜுவை ஒரே மடக்கில் குடித்தார். மிரான் மேஜைக்கு அடியில் அவர் தொடையைக் கிள்ளினாள். கிள்ளு பலிக்கவில்லை.

"கெடச்சிருக்கு" என்றார்.

நாற்காலி மட்டும் உறுமியது. "எ-எ-என்னது?"

"துடிப்பு தெரியுது. கரும்பொருளா இருக்கலாம்."

அந்த 'லாம்' மாமியாரின் காதுக்குப் போய்ச் சேரவில்லை. வழியிலேயே குலுங்கி எங்கோ விழுந்துவிட்டது.

மறுநாள் காலை ஊர் ஒலிபெருக்கி கரகரத்தது. வழக்கமாக அது குப்பை வண்டி வரும் சேதியையும் காட்டுப்பன்றி இறங்கின சேதியையும் சொல்லும். "ஆ, ஆ, கேக்குதா? உங்க ஊர்த் தலைவன் பேசறேன். நம்ம யோம் புன்னம் அக்காவோட சின்ன மாப்ள, அதான் ஃபிரிட்ஜ் டாக்டர், நம்ம சுரங்கத்துக்குள்ள கரும்பொருளை உயிரோட புடிச்சிட்டார். இது உலகத்திலேயே முதல் தடவை. யாரும் வேடிக்கை பார்க்கச் சுரங்கத்துக்குள்ள போகாதீங்க. ஆபத்தான்னு கேட்டுச் சொல்றேன்."

நம்குங் வாயில் பல்துலக்கியோடு ஜன்னலுக்கு ஓடினார். மிரான் படுக்கையிலிருந்தே சொன்னாள். "கிள்ளினேன்ல?"

மூன்று நாளில் பாலத்தின் குறுக்கே ஒரு பேனர் ஏறியது. 'கரும்பொருளைப் பிடித்த எங்கள் ஊர் மாப்பிள்ளை நம்குங் ஜின் அவர்களுக்கு வாழ்த்துகள்!' அடியில் ஊர்ச் சங்கம், மாதர் சங்கம், பழைய சுரங்கத் தொழிலாளர் சங்கம். சீன நூடுல்ஸ் கடைக்காரர் தன்னுடைய கறுப்புக் குழம்பு நூடுல்ஸுக்குக் 'கரும்பொருள் நூடுல்ஸ்' என்று புதுப் பலகை எழுதி மாட்டினார். அதைவிடப் பெரிய காரியம், வருஷா வருஷம் நடக்கும் மலைக்கீரைத் திருவிழாவை இந்த வருஷம் கரும்பொருள் திருவிழா என்று மாற்றுவதாகத் தொக்மான் மாவட்ட அலுவலகத்தில் சொல்லி, மேடையும் ஒரு பாடகியும் வாங்கி வந்துவிட்டார்.

பேராசிரியர் கூ காரில் வரும்போது பேனருக்கு அடியில் நிறுத்தி, இறங்கி, முழுவதையும் படித்தார். பிறகு நம்குங்கைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உங்க மாமியாரா?"

"ஆமாங்க."

"நான் அம்மாக்களைச் சொன்னேன். மாமியாரைச் சொல்ல விட்டுட்டேன். என் தப்பு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாவட்ட அதிகாரி போன் பண்ணி வாழ்த்து சொன்னார். நாங்க எதுவும் அறிவிக்கலைன்னு சொன்னேன். 'எவ்வளவு அடக்கம்!'ங்கறார். நம்குங், ஒண்ணு கேக்கறேன். அது நிஜமாவே அதுதானா?"

"அதுதான்னு தோணுது."

"எனக்கும் தோணுது" என்றார் அவர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சிரித்துக்கொண்டார்கள். பேனரை இறக்கச் சொல்லும் விஷயத்தை இருவருமே மறந்துபோனார்கள்.

அடுத்த சில வாரம் நம்குங்கின் வாழ்க்கையிலேயே நல்ல காலம். சந்தையில் காளான் விற்கிறவர்கள் காசு வாங்க மறுத்தார்கள். தொக்மானின் மனைவி, கிம்ச்சியைச் சுத்தியலால் உடைத்த அதே அம்மாள், புதுக் கிம்ச்சி ஒரு டப்பா அனுப்பினாள். சகலை யோங்தே போன் செய்து, "தம்பி, பெரிய எடத்துக்கெல்லாம் போகப் போறீங்க, தலைநகர்ல வீடு வேணும்னா அண்ணன்கிட்ட சொல்லுங்க" என்றார். புன்னம் மசாஜ் நாற்காலிமேல் துணி காயப்போட ஆரம்பித்தாள்.

ஆனால் இம் சோல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு வரைபடம் போட்டுக் காட்டுவாள். துடிப்புகளின் எண்ணிக்கை. முதல் வாரம் உயரமாக ஒரு கம்பம். அடுத்த வாரம் அதில் பாதி. அதற்கடுத்தது இன்னும் குட்டை.

"கொறையுது சார்."

"கொறையட்டும். பூமி சூரியனைச் சுத்துதில்ல? கரும்பொருள் காத்துல நாம போற வேகம் மாறும்."

"அது வருஷக் கணக்குல சார், அதுவும் துளியூண்டு. இது வாரத்துக்கு வாரம் பாதியாப் போகுது."

"கருவி கொஞ்சம் மந்தமாயிருக்கும்."

"சோதனை பண்ணிட்டேன். கருவி கத்தி மாதிரி இருக்கு." அவள் தயங்கினாள். "சார், நானும் எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன். எனக்கும் அது நிஜமா இருக்கணும்."

நம்குங் அந்த வரைபடத்தைத் திருப்பி மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

மாமியார் கடையின் பின்பக்கம், கீரை உலர்த்தும் கொட்டகையை ஒட்டி ஒரு மேஜை உண்டு. வெயில் அப்போதுதான் மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. பகலெல்லாம் காய்ந்த கொட்டகையின் தகரக் கூரை குளிர ஆரம்பித்து, டிக், டிக், டடக் என்று சத்தம் போட்டது. நம்குங் சூப்பை ஊதிக் குடித்தார். டிக், டிக். கொஞ்ச நேரத்தில் சத்தம் இடைவெளி விட்டு வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அபூர்வமாக ஒன்று. பிறகு அதுவும் இல்லை.

கரண்டி வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

கூரையில் ஆணி அடித்து இறுக்கியிருக்கிறார்கள். தகரம் சுருங்கப் பார்க்கிறது, ஆணி விடமாட்டேன் என்கிறது. இழுபறியில் ஒவ்வொரு இடமாக வெட்டி வெட்டி விட்டுக்கொடுக்கும்போது ஒரு டிக். எல்லாம் விட்டுக்கொடுத்து முடிந்ததும் அமைதி. படிகத்தை நான்கு மூலையிலும் பசை போட்டு இறுக்கியது யார்? பசை ஒரு அளவில் சுருங்கும், நீலக்கல் வேறு அளவில் சுருங்கும். இழுபறியில் பசை விரிசல் விடும் ஒவ்வொரு தடவையும் ஒரு துளி சூடு. குளிரவைத்த முதல் வாரம் ஓயாத டிக் டிக். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். கரும்பொருளுக்கு நாம் எந்தத் தேதியில் ஃபிரிட்ஜைப் போட்டோம் என்று தெரியுமா? அது இன்றைக்கும் அதே அளவில்தான் வரும், அடுத்த வருஷமும் அதே அளவில்தான் வரும். பசைக்குத்தான் தேதி தெரியும்.

"மாப்ள, சூப்பு ஆறுது" என்றாள் புன்னம் உள்ளிருந்து. "உப்பு பத்தலையா? மூஞ்சி ஏன் இப்பிடிப் போச்சு?"

"உப்பு சரியா இருக்கு அத்தை" என்றார் நம்குங்.

அன்று வீட்டுக்குப் போய், எதுவும் நினைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாமா என்று நினைத்துப் பார்த்தார். திருவிழா முடியட்டும், பாடகி பாடிவிட்டுப் போகட்டும். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் படுத்தால் காதுக்குள் டிக் டிக் என்றது. காலையில் முதல் லிஃப்டில் இறங்கிப் பேராசிரியர் கூவின் அறைக்கதவைத் தட்டினார்.

அவர் முழுக்கக் கேட்டார். முடிந்ததும் ஜன்னல் இல்லாத அந்த அறையில் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூடேத்தி, பிரிச்சு, பசையை எடுத்துட்டு, மெல்லிய கம்பியில தொங்க விடலாம்" என்றார் நம்குங். "இறுக்கமே இருக்கக் கூடாது. ஊஞ்சல் மாதிரி. அப்பவும் துடிப்பு அதே அளவு வந்தா, நிஜம்."

"வராது."

"வராதுன்னுதான் நெனைக்கறேன்."

"எனக்கு ரெண்டு வருஷந்தான் இருக்கு நம்குங்." அவர் எழுந்து கோட்டைச் சரிசெய்தார். "தலைமுடிச் சாயம் வேற தண்டம். போங்க, சூடேத்துங்க."

இம் சோலிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த காப்பியை மெதுவாகக் கீழே வைத்தாள். "சார், இந்த உண்மையைத் திருவிழா முடிஞ்ச மறுநாள் கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா?" பிறகு ஊசிமுனைக் கம்பிகளை எடுத்துக்கொண்டு உருப்பெருக்கிக்கு அடியில் அவளே உட்கார்ந்தாள். மூன்று கம்பி அறுந்தது, அறுந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு விழுந்தது. கடைசியில் படிகம் காற்றில் தொங்கியது. தும்மல் வந்தால் வெளியே போய்த் தும்மிவிட்டு வந்தார்கள்.

திரும்பக் குளிரவைத்தார்கள். திரையில் எப்போதாவது ஒரு துடிப்பு. மற்றபடி வெறும் கோடு. இத்தனை வருஷத்தில் அவ்வளவு அமைதியான படிகத்தை நம்குங் பார்த்ததில்லை. தொழில்காரனாக அவருக்கு அதில் பெருமைதான். மனுஷனாக, ஓடிப்போய்ப் பாறையில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

இனி ஊருக்குச் சொல்ல வேண்டும். திருவிழாவுக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

ஊர்ப் பொதுக்கூடத்தில் தரைக்கு அடியில் சூடேற்றியிருப்பதால் கதகதப்பாக இருக்கும். மலையில் குளிர் தொடங்கிவிட்டால் ஊரில் பாதிப் பேர் அங்கேதான் சீட்டு ஆடுவார்கள். நம்குங் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் மண்டியிட்டு உட்கார்ந்தார். மிரானும் கூட வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு மூலையில் புன்னம் சீட்டைக் கையில் விசிறி மாதிரி பிடித்திருந்தாள்.

"நான் கரும்பொருளைப் பிடிக்கலைங்க. தப்பாச் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

சீட்டு விழும் சத்தம் நின்றது. தொக்மான் காதைக் குடைந்தார். "தப்பிச்சு ஓடிருச்சா?"

"வரவே இல்லைங்க. பசை விரிசல் விட்ட சத்தம் அது."

"பசையா?" என்றார் நூடுல்ஸ் கடைக்காரர். "யோவ், நான் பலகையே மாத்தி எழுதிட்டேன்யா. பசை நூடுல்ஸ்னா எவன் திம்பான்?"

"மொதல்ல கிம்ச்சி, இப்ப இது" என்றாள் தொக்மானின் மனைவி. "இந்த ஆளு தொட்டதெல்லாம் உறைஞ்சு போகுது."

தொக்மான் தலையில் கை வைத்தார். "மாவட்டத்துல மேடை குடுத்தாச்சு. பாடகிக்கு முன்பணம் போயாச்சு. டாக்டர் தம்பி, பிடிச்சதாவே இருக்கட்டுமே. யாரு வந்து பெட்டியைத் தொறந்து பார்க்கப் போறா?"

"அது முடியாதுங்க தலைவரே."

"ஏன் முடியாது? ஊருக்காக ஒரு வார்த்தை—"

பட்டென்று சீட்டுக்கட்டு தரையில் அறைந்தது. புன்னம் எழுந்து நின்றாள். எல்லோரையும்விட அவளுக்குத்தான் மானம் போயிருந்தது. நம்குங் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"ஏன்யா தொக்மான், சுரங்கத்துல வேலை பார்த்தப்ப இரும்புக்கல்லுன்னு சொல்லி வண்டி வண்டியா வெறுங்கல்லை ஏத்தி அனுப்பின ஆளுதானே நீ? சுரங்கம் மூடினதுக்கு அதுவும் ஒரு காரணம். அந்த வேலையை எங்க வீட்டு மாப்ளைக்குச் சொல்லித் தராதே."

"அக்கா, அது எல்லாருந்தான் போட்டோம்—"

"எல்லாரும் போட்டீங்க, எம் புருஷனும் போட்டாரு. எனக்குத் தெரியாதா? இந்த மனுஷன் போடலை. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு வந்து சொல்றாரு பாரு. ஊரே கும்பிட்டுக்கிட்டு இருக்கும்போது எவன் வந்து சொல்லுவான்?" மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். "நீங்க ஏன் மண்டி போட்டுக்கிட்டு இருக்கீங்க? எந்திரிங்க. கால் மரத்துப் போயிரும்."

கால் ஏற்கெனவே மரத்துப்போயிருந்தது. எழ முயன்ற நம்குங் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து நூடுல்ஸ் கடைக்காரர் மடியில் விழுந்தார். அங்கே ஒருவர் சிரித்தார், இங்கே ஒருவர் சிரித்தார், கடைசியில் தொக்மானின் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு யாராலும் கோபப்பட முடியவில்லை.

மாதர் சங்கம் அன்றைக்கே ஏணி போட்டு ஏறி, பேனரில் 'பிடித்த' என்ற இடத்தில் ஒரு துணியை வைத்துத் தைத்து, 'தேடும்' என்று எழுதியது. துணி கொஞ்சம் வேறு வெள்ளை. தூரத்திலிருந்து பார்த்தால் சட்டையில் ஒட்டுப்போட்ட மாதிரி இருந்தது. "தேடறதுக்கு எவனாவது வாழ்த்து சொல்வானா?" என்று தொக்மான் முணுமுணுத்தாலும், ஏணியைப் பிடித்துக்கொண்டவர் அவர்தான்.

திருவிழா நடந்தது. கரும்பொருளைத்தான் காட்ட முடியாது என்றாகிவிட்டதால் தொக்மான் ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லா ஊர்த் திருவிழாவிலும் தொட்டியில் விட்ட மீனை வெறுங்கையால் பிடிக்கும் போட்டி நடக்கும். இவர் தொட்டியைச் சுற்றிக் கறுப்புத் துணியால் கூடாரம் அடித்துக் கும்மிருட்டாக்கிவிட்டார். கண்ணுக்குத் தெரியாததைக் கையால் துழாவிப் பிடிக்க வேண்டும். நகரத்திலிருந்து வந்த ஜனங்கள் வரிசை கட்டி நின்றார்கள். உள்ளே அலறலும் சிரிப்புமாக ஒரே அமர்க்களம்.

தொடக்கி வைக்க நம்குங்கைக் கூப்பிட்டார்கள். கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இருட்டுக்குள் இறங்கினார். தண்ணீர் ஐஸ். கையை இங்கே விட்டார், அங்கே விட்டார். ஏதோ ஒன்று வழுக்கிப் போயிற்று. வெளியிலிருந்து ஒலிபெருக்கியில் தொக்மான், "ஏதாவது தட்டுப்படுதா டாக்டர்?" என்று கேட்டார். "தட்டுப்படுற மாதிரி இருக்கு, ஆனா உறுதி இல்லை" என்று உள்ளிருந்து பதில் வந்ததும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. முதல் வரிசையில் பேராசிரியர் கூ கண்ணில் நீர் வரச் சிரித்தார். அடுத்த நிமிஷம் பெரிய தொப்பென்ற சத்தம். நம்குங் கழுத்துவரை நனைந்து, நெஞ்சோடு ஒரு மீனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

சாயங்காலம் கடை அடுக்களையில் அடுப்புப் பக்கம் உட்காரவைத்து மிரான் அவர் தலையைத் துவட்டினாள். வெளியே பாடகி இன்னும் பாடிக்கொண்டிருந்தாள். புன்னம் மீனுக்கு உப்புத் தடவிக் கொடுத்துவிட்டு மேடைப் பக்கம் ஆடப் போய்விட்டாள்.

"வருத்தமா இருக்கா?" என்று மிரான் கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். துண்டு முகத்தை மூடியிருந்ததால் வேறு மாதிரி வந்துவிட்டது. "இருக்கு. கொஞ்ச நாள் நான் அதைப் பார்த்த ஆளா இருந்தேன் மிரான். உலகத்திலேயே எங்களுக்குத்தான் தெரியும்னு நெனச்சுக்கிட்டு லிஃப்டுல இறங்குவேன். நல்லா இருந்துச்சு."

அவள் துவட்டுவதை நிறுத்தவில்லை. "எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. பேங்க்ல மேனேஜர் எழுந்து நின்னு கும்பிட்டாரு."

"இப்ப?"

"இப்ப உக்காந்துக்கிட்டே கும்பிடறாரு. பரவாயில்லை. மீனைத் திருப்புங்க, கருகுது."

திருப்பினார். ஒரு பக்கம் கருகித்தான் போயிருந்தது. இரண்டு பேரும் கருகாத பக்கத்தை எலும்பு தெரியும்வரை தின்றார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. கம்பியில் தொங்கும் படிகத்தை இன்னும் கூர்மையாக்கி, இன்னும் இலேசான துகள் தட்டினாலும் உணர வைக்க முடியுமா என்று பார்க்க வேண்டியிருந்தது. நம்குங் வழக்கமான லிஃப்டில் ஏறினார். எத்தனை முறை குளித்தும் மீன் வாசனை போயிருக்கவில்லை. இறங்கி முடிக்கும்வரை யாரும் அவர் பக்கத்தில் நிற்கவில்லை.